எண்ணெய் நிறுவனங்களின் சரக்கிருப்புக் கணக்கும் தள்ளிப்போகும் வரியும்

அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படிப்பவர்கள் பெரும்பாலும் நிகர லாபத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அந்த நிறுவனம் செலுத்தும் வரியைப் புரிந்துகொள்ள, சரக்கிருப்பை எந்த முறையில் மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்லும் பின்குறிப்பைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது தணிக்கைப் பணியில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

ஒரே தொட்டியில் கலந்துவிட்ட எண்ணெயில் விற்றுப்போனது எந்தப் பீப்பாய் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், கணக்கியல் ஓர் அனுமானத்தை வைத்துக்கொள்கிறது. பீப்பாய் ஒன்றுக்கு 60 டாலர் வீதம் 100 பீப்பாயும், பின்னர் 80 டாலர் வீதம் 100 பீப்பாயும் வாங்கிய நிறுவனம், 100 பீப்பாயை 90 டாலர் வீதம் விற்கிறது என்று கொள்வோம். முதலில் வந்தது முதலில் போகும் என்ற ஃபிஃபோ முறையில் லாபம் 3,000 டாலர். 21 சதவீதக் கூட்டாட்சி வரி 630 டாலர். கடைசியில் வந்தது முதலில் போகும் என்ற லிஃபோ முறையில் லாபம் 1,000 டாலர். வரி 210 டாலர். தொட்டியும் எண்ணெயும் கைக்கு வந்த பணமும் ஒன்றே; வரியில் மட்டும் 420 டாலர் வேறுபாடு.

இந்த 420 டாலர் தள்ளுபடி ஆகிவிடவில்லை, தள்ளிப்போயிருக்கிறது. மறு ஆண்டு புதிதாக எதுவும் வாங்காமல் மீதியையும் அதே விலைக்கு விற்றால், 60 டாலர் அடக்கவிலை வெளிப்பட்டு, லிஃபோ நிறுவனம் அப்போது 630 டாலர் செலுத்தும். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தால் எந்த முறையிலும் 840 டாலர்தான். ஆனால் எண்ணெய் நிறுவனங்கள் குழாய்களையும் தொட்டிகளையும் வெறுமையாக விடுவதில்லை. எனவே பல்லாண்டுக்கு முன் வாங்கிய இருப்பு, அதாவது பழைய அடுக்குகள், பழைய விலையிலேயே ஏடுகளில் நிற்க, வரியும் அவற்றோடு நின்றுவிடுகிறது. எரிபொருள் வரத்துத் தடையால் கையிருப்பு கட்டாயமாகக் கரையும் நிலைக்கு, குறித்த காலத்துக்குள் மீண்டும் நிரப்பினால் வரியைச் சரிசெய்துகொள்ளும் வழியை 1980-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்திலேயே சேர்த்தது.

வரிக்கணக்கில் லிஃபோவைப் பயன்படுத்தும் நிறுவனம், பங்குதாரர்களுக்கான அறிக்கையிலும் அதையே பயன்படுத்த வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். சர்வதேச நிதி அறிக்கைத் தரமோ 2003-இல் செய்யப்பட்ட திருத்தத்தில் லிஃபோவை விலக்கிவிட்டது. ஆகவே லிஃபோவைப் பின்பற்றும் எக்ஸான்மொபில் நிறுவனத்தின் லாபத்தை, சர்வதேசத் தரத்தைப் பின்பற்றும் பிரிட்டனின் பிபி நிறுவனத்தின் லாபத்தோடு நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்; பிபி, விலை ஏற்றஇறக்கத்தால் கையிருப்பில் வந்த ஆதாயத்தைக் கழித்த லாபத்தைத் தனியாகவும் வெளியிடுகிறது.

2005-இல் எண்ணெய் விலை உயர்ந்தபோது, பெரிய எண்ணெய் நிறுவனங்களின் லிஃபோ இருப்பின் மதிப்பைப் பீப்பாய்க்கு 18.75 டாலர் கூட்டி வரி விதிக்கும் பிரிவை செனட் நிறைவேற்றியது, அது சட்டமாகவில்லை. எல்லாத் துறைகளுக்கும் உரிய ஒரு முறையை ஒரு துறைக்கு மட்டும், அதுவும் கடந்தகால இருப்பின் மீது மாற்றுவது நியாயமல்ல என்பதே என் கருத்து. முறையே தவறென்றால் அனைவருக்கும் நீக்க வேண்டும்.

முதலீட்டாளர்கள் அந்தப் பின்குறிப்பில் பார்க்க வேண்டியவை இரண்டு: லிஃபோ மதிப்புக்கும் அதே இருப்பை இன்று புதிதாக வாங்க ஆகும் விலைக்கும் (மாற்றுவிலை) உள்ள இடைவெளி, அந்த ஆண்டில் பழைய அடுக்கு கரைந்ததால் லாபம் கூடியதா என்பது. அப்படிக் கூடியிருந்தால், அந்தத் தொகையைக் கழித்த பிறகே முந்தைய ஆண்டோடு ஒப்பிட வேண்டும்.