மேலே மூன்று கம்பளி, கீழே ஒரு ஜமுக்காளம்

ஊட்டிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடும்பத்தோடு கூடாரம் அடித்துத் தங்கியது ஒரு ஜனவரி மாதம். ஆளுக்கு மூன்று கம்பளி போர்த்தியும் விடிய விடிய நடுங்கினோம். கீழே விரித்திருந்ததோ ஒரே ஒரு ஜமுக்காளம். தவறு அங்கேதான் இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி இறங்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்குப் போவதற்குள் 12 டிகிரி போய்விடுகிறது. மேகமில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு விட்டுவிடுவதால் புல்தரை காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காற்று மூன்று நான்கு டிகிரியில் இருக்கும்போதே புல்லில் உறைபனி படிவது இதனால்தான். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஓடையோரப் பள்ளம் பார்க்க அழகுதான், படுக்கச் சற்று மேடான இடம் மேல்.

கம்பளி சூடு தரும் என்கிறோம். அதனிடம் சூடு ஏது? தூங்கும் மனித உடல்தான் 70, 80 வாட் பல்பு போல வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. கம்பளியின் இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்று அசையாமல் நிற்பதால், அந்த வெப்பம் வெளியேறத் தாமதமாகிறது. அசையாத காற்றைவிட நீர் 20 மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈரத் துணியோடு படுத்தால் எத்தனை கம்பளியும் போதாததற்கு இதுவே காரணம். இரவில் போட ஓர் உடுப்பை நெகிழிப் பையில் கட்டித் தனியே வையுங்கள், பகலில் யாரும் அதைத் தொடக் கூடாது. குழந்தைகளுக்கு இரண்டாகவே வையுங்கள். உடல் எடையோடு ஒப்பிட்டால் அவர்களின் தோல் பரப்பு அதிகம், சீக்கிரம் குளிர்ந்துவிடுவார்கள்.

இப்போது கீழே வருவோம். விலை உயர்ந்த ஸ்லீப்பிங் பேக்காகவே இருந்தாலும், நம் எடைக்கு அடியில் அதன் பஞ்சு நசுங்குகிறது. உள்ளிருந்த காற்று வெளியேறிவிடுகிறது. அடியில் ஈரமண். எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டே இருக்கும் கடன்காரன் அது. ஆகவே எடையைத் தாங்கியும் நசுங்காமல் காற்றைப் பிடித்துவைக்கும் பொருள் வேண்டும். மூடிய குமிழ்கள் கொண்ட ஃபோம் விரிப்பு அந்த வேலையைச் செய்யும். வீட்டிலுள்ள யோகா விரிப்பை இரண்டாக மடித்தும் போடலாம். கோரைப்பாயும் சளைத்ததல்ல. கோரைத் தண்டின் உள்ளே இருப்பது காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற நடுப்பகுதிதானே. ஒன்று போதாது, இரண்டு மூன்றாக அடுக்க வேண்டும். காற்றடைத்த பெரிய மெத்தை மட்டும் ஏமாற்றிவிடும். அதனுள்ளே காற்று சுழன்று மேலிருக்கும் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

விடிகாலையில் கூடாரத்தின் உட்புறம் நனைந்திருந்தால் துணி ஒழுகுகிறது என்று கடைக்காரரைத் திட்ட வேண்டாம். நான்கு பேர் இரவெல்லாம் விட்ட மூச்சின் நீராவிதான் குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகிறது. மேலேயுள்ள காற்றுவழியைத் திறந்தே வைத்தால் பெரும்பகுதி வெளியேறிவிடும். சற்றுக் குளிரும், ஆனால் படுக்கை நனையாது.

கூடாரத்துக்குள் கரி அடுப்பு மட்டும் கூடவே கூடாது. அணைந்ததுபோல் தெரியும் கரியும் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்வதால் தூங்குபவர் எழுவதே இல்லை.

சமையலுக்குக் குக்கரை மறக்காதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகக் காத்திருந்தால் பிள்ளைகள் பிஸ்கட்டிலேயே வயிற்றை நிரப்பிவிடுவார்கள்.

போன முறை எங்கள் பாய்கள் டிக்கியின் அடியில் சிக்கிக்கொண்டன, இருட்டியபின் பாதிச் சாமானை இறக்கித்தான் எடுத்தோம். இந்த முறை அவை கடைசியாக ஏறின.