அந்த கோல்ஃப் ஸ்டிக்கைத் தேய்க்காதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்

பழைய கோல்ஃப் மட்டையைத் தேய்த்து மினுக்கி எடுத்துக்கொண்டு என்னிடம் விலை கேட்டு வந்தவர்களில், இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேரிடம் பொறுமையாகச் சொன்னேன். மூன்றாவது ஆளிடம் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு எனக்குத்தான் சங்கடமாக இருந்தது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது பழைய சாமான்களோடு கிடைத்த மட்டை. இரும்புத் தலை, மரத் தண்டு, தோல் சுற்றிய பிடி. இணையத்தில் விற்க வேண்டும், இருபத்தைந்தாயிரம் போடலாமா என்று கேட்டு வந்திருந்தார். பேப்பரைப் பிரித்தால் தலை எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னுகிறது. "பட்டறையில கொடுத்து பஃப் போட்டுட்டேன் சார், ரொம்பப் பழசா இருந்துச்சு" என்றார். பழசாக இருந்ததற்குத்தானே ஐயா விலையே!

லென்ஸை வைத்துத் தலையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு மெல்லிய கோடு, அதன் நுனியில் பாதி வளைவு. சுங்கான், அதாவது புகைபிடிக்கும் பைப் முத்திரை. ஸ்காட்லாந்தில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் டாம் ஸ்டூவர்ட் பட்டறையில் அடித்த இரும்புகளில் இந்தச் சுங்கான் இருக்கும். இன்றும் மரத்தண்டு மட்டையால் ஆடுகிறவர்கள் தேடி வாங்குவது அந்தப் பட்டறைச் சரக்கைத்தான். இவர் மட்டையில் சுங்கானின் குழல் மட்டும் மிச்சம், கிண்ணம் பஃப் சக்கரத்தோடு போய்விட்டது. பக்கத்தில் பொறித்திருந்த பெயரில் ஓர் எழுத்துகூடத் தேறவில்லை.

ஏன் தேய்க்கிறார்கள் என்பது புரியாமல் இல்லை. நம் வீடுகளில் பழைய பொருளை நாலு பேர் முன் வைப்பதென்றால் புளி போட்டுத் துலக்கி வைப்பதுதான் மரியாதை. அதே கை மட்டையின் மேலும் போகிறது. ஆனால் குத்துவிளக்கைத் தேய்த்தாலும் அது குத்துவிளக்குதான். மட்டையைத் தேய்த்தால் மிஞ்சுவது வெறும் இரும்பு. அந்தக் காலத்துத் தலைகள் பெரும்பாலும் சாதாரண இரும்பைக் காய்ச்சி அடித்தவை. குரோம் பூச்சும் துருப்பிடிக்காத எஃகும் 1920களின் பிற்பாதியில்தான் பரவின. ஆகவே தலைமேல் தெரிகிற காப்பிக்கொட்டை நிறம் அழுக்கு அல்ல, பல வருஷம் கையும் எண்ணெயும் காற்றும் பட்டுப் படிந்த தோல். அதை உரித்தால் முத்திரை மழுங்கும். பந்தை அடிக்கும் முகத்தில் குத்தியிருக்கும் புள்ளிகளும் கோடுகளும் ஆழம் குறையும். காலத்தைக் கணிக்க எங்களுக்கு முதல் தடயமே அந்தப் புள்ளிகள்தான். சரி, பளபளப்பாவது நிற்குமா? சென்னைக் கடல்காற்றில் பத்து நாள் வையுங்கள், செந்துரு பூத்து நிற்கும். பழைய துருவை ஒழித்துப் புதுத் துருவை வளர்த்ததுதான் மிச்சம்.

"வாங்குறவங்க அழுக்கா இருக்குன்னு நினைக்க மாட்டாங்களா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாட்டார்கள். இதை வாங்குபவர் நூறு மட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தவர். அழுக்கைக் கண்டு அவர் பயப்படுவதில்லை, பளபளப்பைக் கண்டால்தான் பயம். எதை மறைக்கத் தேய்த்தான், குழி விழுந்த துருவையா, தலையும் தண்டும் சேருகிற கழுத்தில் போட்ட ஒட்டையா என்றுதான் புத்தி போகும். சுவரில் மாட்டுவதற்கென்றே பழசு போலச் செய்து விற்கும் அலங்கார மட்டைகள் வேறு ஏராளம். படத்தில் பார்த்தால் தேய்த்த அசலும் அந்தப் போலியும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

தண்டுக்கும் இதே கதி. உப்புத்தாள் போட்டு இழைத்து மேலே வார்னிஷ் அடித்துக் கொண்டுவருகிறார்கள். அது ஹிக்கரி மரம் ஐயா, சாப்பாட்டு மேசை இல்லை. இழைக்க இழைக்கத் தண்டு இளைக்கும், அதன் துவளும் தன்மை மாறும், பிடிக்குக் கீழே கடைக்காரர் குத்திய பெயர் இருந்தால் அதுவும் போகும்.

மெத்தென்ற பருத்தித் துணி, இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். துடையுங்கள், கையை எடுத்துவிடுங்கள். கம்பி நார், புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். கோலாவில் ராத்திரி முழுக்க ஊறவைத்த ஒருவரையும் இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கழுத்தில் சுற்றிய கறுப்பு நூல் பிரிந்திருந்தால் அப்படியே விடுங்கள், அறுத்து எறியாதீர்கள்.

அடுத்தது விலை. 2007இல் நியூயார்க்கில் சோதபீஸ் ஏலத்தில் ஒரு பழைய பட்டர், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை, 1,81,000 டாலருக்குப் போனது. அந்தச் செய்தி இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, என் பிழைப்பைக் கெடுக்கிறது. அது ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ டிக்சன் செய்ததாகக் கருதப்படும், இரும்புத் தண்டைக் கனவிலும் காணாத காலத்து மட்டை. இரும்புத் தண்டை அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஒப்புக்கொண்டது 1924இல், செயிண்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ கழகம் ஒப்புக்கொண்டது 1929இல். அதற்கு முன் தொழிற்சாலைகள் மரத்தண்டு மட்டைகளை லட்சக்கணக்கில் செய்து தள்ளின. நம் மலைப்பிரதேசத்து பங்களாக்களில் கிடைப்பவை பெரும்பாலும் அந்த வகைச் சரக்கு, மாஷி, நிப்லிக், கிளீக் என்று அந்நாளில் பெயரிட்ட மட்டைகள். சாதாரண மார்க் என்றால் 20, 30 டாலர் கிடைத்தால் நல்ல விலை. 'கையால் அடித்தது' என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பதைப் பார்த்துத் துள்ள வேண்டாம், பாதி மட்டைகளில் அது இருக்கும்.

'மரத்தண்டு' என்று விளம்பரம் எழுதுவதற்கு முன் தண்டில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். 1930களில் ஆடுகிறவர்களுக்கு மரத்தின் நிறமே பிடித்திருந்ததால் இரும்புத் தண்டின் மேல் மரநிறப் பிளாஸ்டிக் உறை போட்டு விற்றார்கள். காந்தம் ஒட்டினால் அது ஹிக்கரி இல்லை. தெரியாமல் விற்றாலும் திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில்தான்.

சட்டம் என்றால் யாரும் காது கொடுப்பதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சில மரத்தலை மட்டைகளின் முகத்தில் தந்தத் துண்டு பதித்திருப்பார்கள். தந்தம் என்று சந்தேகம் வந்தாலே விற்காதீர்கள். நம் நாட்டில் தந்த வியாபாரம் குற்றம், இணைய விற்பனைத் தளமான ஈபேயும் 2009லேயே அதை நிறுத்திவிட்டது. வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் இன்னொன்றும் உண்டு. நூறு வருஷம் தாண்டிய பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும். முதலில் தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்று சான்றிதழ் வாங்கிவிடுங்கள். பார்சல் சுங்கத்தில் மாட்டிய பிறகு எனக்கு போன் செய்து பயனில்லை.

கூரியரையும் கணக்கில் சேருங்கள். மட்டை அரை கிலோகூட இருக்காது. ஆனால் 105க்கு 15க்கு 15 சென்டிமீட்டர் பெட்டி என்றால் மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். 4.7 கிலோ. அதற்குத்தான் காசு. தலை பெட்டிக்குள் ஆடாமல் கட்டுங்கள். பணம் அனுப்புகிறேன், க்யூஆர் ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்று எவனாவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் நம் கணக்குக்கு வர பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

வீடியோ எடுக்கிறேன் என்று அந்த மட்டையால் பந்தை அடித்துக் காட்டாதீர்கள், தயவு செய்து. காய்ந்த ஹிக்கரி சொல்லிக்கொண்டு உடையாது. கிண்டி கோல்ஃப் மைதானத்தில் ஆடுபவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாக இருந்த வயதில் ஒரு தலை கழன்று என் காதோரம் பறந்திருக்கிறது, அந்தச் சத்தம் இன்னும் மறக்கவில்லை.

சுங்கான் மட்டைக்காரர் கடைசியில் 'பாலிஷ் செய்யப்பட்டது, முத்திரை தேய்ந்துள்ளது' என்று உள்ளபடி எழுதி 1,800 ரூபாய்க்கு விற்றார். போன வாரம் மறுபடி போன். "இன்னும் ரெண்டு கிடைச்சிருக்கு சார். தூசியைக்கூடத் தட்டல, சத்தியமா." படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். நல்ல வெளிச்சம், கழுத்தும் பின்பக்கமும் தெளிவாக இருந்தன. காந்தம் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ரெண்டுலயும் ஒட்டுது சார்."