கோடு மாறவில்லை, கூப்பிடும் மெத்தட் மாறிவிட்டது

கோட்லின் என்ற நிரல்மொழியில் எழுதிய ஆண்ட்ராய்டு ஆப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பட்டியலின் முதல் உருப்படியை நீக்க, அதில் ‘ரிமூவ்ஃபர்ஸ்ட்’ என்று ஒரு வரி இருக்கிறது. 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15க்கான எஸ்டிகேயை (ஆப் உருவாக்கும் கருவித்தொகுப்பு) வைத்து அதே கோடை மறுபடி கம்பைல் செய்கிறோம், அதாவது இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறோம். பிழை எதுவும் வரவில்லை, ஆண்ட்ராய்டு 15 போனில் நன்றாகவே ஓடுகிறது. ஆண்ட்ராய்டு 14 போனிலோ அந்த வரிக்கு வந்ததும் கிராஷ் ஆகிறது. லாகில் ‘நோசச்மெத்தட்எரர்’ என்று நிற்கிறது: கூப்பிட்ட மெத்தட், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிடும் கோடு துண்டு, அங்கே இல்லை என்று பொருள்.

கோட்லினின் மாற்றக்கூடிய பட்டியலான மியூட்டபிள்லிஸ்ட், ஓடும்போது ஜாவாவின் லிஸ்ட்தான். அதற்கென்று தனி கிளாஸ் கிடையாது. அந்த லிஸ்டில் முன்பு ரிமூவ்ஃபர்ஸ்ட் இல்லாததால், கோட்லின் அதை எக்ஸ்டென்ஷன் ஃபங்ஷனாக (கிளாஸைத் தொடாமல் சேர்க்கும் ஃபங்ஷன்) வெளியிலிருந்து ஒட்டவைத்திருந்தது. கம்பைல் ஆனதும் அது கோட்லின் நூலகத்தில் உள்ள ஒரு ஸ்டாட்டிக் மெத்தடுக்கான அழைப்பாகிவிடும். நூலகம் ஆப்புடனேயே போவதால் எந்தப் போனிலும் ஓடும்.

2023 செப்டம்பரில் ஜாவா 21 வந்தது. சீக்வென்ஸ்டுகலெக்‌ஷன் என்ற புதிய இன்டர்ஃபேஸை (என்னென்ன மெத்தடுகள் இருக்க வேண்டும் என்று சொல்லும் வரையறை) லிஸ்டுக்குப் பெற்றோராக்கினார்கள். ரிமூவ்ஃபர்ஸ்ட் இப்போது லிஸ்டின் சொந்த மெத்தட். ஆண்ட்ராய்டு 15 இதை உள்ளே சேர்த்துக்கொண்டது. கோட்லினின் விதியோ தெளிவானது: ஒரே பெயரில், ஒரே அளவுருக்களோடு கிளாஸின் மெத்தடும் எக்ஸ்டென்ஷனும் இருந்தால், கிளாஸின் மெத்தட்தான் ஜெயிக்கும். அதனால் கம்பைலர் சத்தமில்லாமல் அழைப்பை லிஸ்டின் பக்கம் திருப்பி, பைட்கோடில் (கம்பைல் ஆகி வரும் கட்டளைகள்) அப்படியே பதித்துவிடுகிறது. பழைய போனின் லிஸ்டில் அந்த மெத்தடே இல்லையே!

முன்பே கம்பைல் ஆகி வெளியான ஆப்புக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அதன் பைட்கோடில் பழைய அழைப்புதான் இருக்கிறது.

கம்பைலர் வெளிப்படையாகச் சண்டை போடும் இடமும் உண்டு. ஜாவா இன்டர்ஃபேஸில் ‘கெட்நேம்’ என்ற மெத்தட் இருக்கிறது. அதைச் செயல்படுத்தும் கோட்லின் கிளாஸில் ‘நேம்’ என்று ஒரு ப்ராப்பர்ட்டி (பெயரிட்ட மதிப்பு) வைக்கிறோம். ப்ராப்பர்ட்டிக்காகக் கோட்லின் தானாக உருவாக்கும் கெட்டருக்கும் (மதிப்பைத் தரும் மெத்தட்) கெட்நேம் என்றே பெயர். பைட்கோடை ஓட்டும் ஜேவிஎம்முக்கு இரண்டும் ஒன்றுதான், கோட்லினுக்கு வேறு வேறு. ‘ஆக்சிடென்டல் ஓவர்ரைடு’ (தற்செயலாக ஒரு மெத்தடை மாற்றி எழுதுவது) என்று கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். ப்ராப்பர்ட்டியை ப்ரைவேட் ஆக்கி, கெட்நேமை நாமே ஓவர்ரைடு செய்தால் சரியாகிவிடும். எரிச்சலூட்டினாலும் இந்த வகைப் பிழையே மேல். பயனரின் போன் வரை போகாது.

ரிமூவ்ஃபர்ஸ்ட்டுக்குத் தீர்வு எளிது: ‘ரிமூவ்அட்’ என்று எழுதி 0 கொடுங்கள். ‘ரிமூவ்லாஸ்ட்’டுக்கும் இதே ஆபத்து உண்டு. அங்கே ரிமூவ்அட்டுக்குக் கடைசி இன்டெக்ஸைக் கொடுங்கள்.