புள்ளிவிபரம் அல்ல, ஆற்றல்: போக்கிமான் கணக்குக்குச் சில தமிழ்ச் சொற்கள்

“உங்கள் போக்கிமானின் அடிப்படைப் புள்ளிவிவரங்களைப் பார்த்துவிட்டு, அதன் இயற்கையையும் முயற்சி மதிப்புகளையும் தீர்மானியுங்கள்.”

இந்த மாதிரி வசனங்களைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வெள்ளவத்தையில் ரியூஷன் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் யாரும் இப்படிக் கதைப்பதில்லை. போக்கிமான் என்பது உயிரிகளைப் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடும் கணினி விளையாட்டு. அந்த உயிரிகளின் பலத்தைக் கணக்கிடும் சமாச்சாரங்களைப் பிள்ளைகள் ஸ்டாட், ஐவி (இன்டிவிஜுவல் வேல்யூ), ஈவி (எஃபர்ட் வேல்யூ), நேச்சர் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், ஒருவருக்கும் குழப்பமில்லை. குழப்பம் எல்லாம் தமிழில் விளக்கப் புறப்படுபவர்களால் வருவது. தமிழில் வாசித்ததை விளங்கிக்கொள்ள ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போகவேண்டும் என்றால் அந்தத் தமிழ் எதற்கு?

முதலில் ஸ்டாட். ஸ்டாட்டிஸ்டிக் என்பதன் வெட்டு அது. இலத்தீனில் ஸ்டேட்டஸ் என்றால் நிற்கும் நிலை. அது அரசு என்ற பொருளுக்கு நகர்ந்து, அரசுகளின் நிலையை ஆராயும் படிப்புக்கு ஜெர்மனியில் 1749 இல் ஆகன்வால் என்பவர் ‘ஸ்டாட்டிஸ்டிக்’ என்ற பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தார். 1790களில் ஜோன் சின்கிளேயர் ஸ்கொட்லாந்து பற்றிய தன் பெருந்தொகுப்பின் தலைப்பிலேயே அதை வைத்து ஆங்கிலத்துக்குள் இறக்கினார். பிறகு விளையாட்டு வீரர்களின் ஓட்டம், விக்கெட் எல்லாம் ஸ்டாட்ஸ் ஆகின. அப்புறம் மேசை விளையாட்டிலும் கணினி விளையாட்டிலும் பாத்திரங்களின் பலம், வேகம் ஆகியவற்றைக் குறிக்கும் எண்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொண்டது ஆங்கிலத்தில். தமிழில் ஏன் ஒட்டவேண்டும்? புள்ளிவிபரம் (விவரம் என்று எழுதுபவர்கள் எழுதட்டும், இங்கே இலங்கையில் விபரம்தான்) என்பது நடந்து முடிந்ததை எண்ணித் தொகுத்து வைப்பது. பத்தரமுல்லையில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் செய்வது அந்த வேலை. முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் புள்ளிவிபரம். அவருடைய மணிக்கட்டில் இருந்தது ஆற்றல். கார்சோம்ப் என்ற போக்கிமானின் தாக்குதல் 130 என்றால், யாரும் அதன் பின்னால் நடந்து எண்ணிப் பெற்ற தொகை இல்லை அது. அந்த உயிரி எவ்வளவு பலமாக அடிக்கும் என்பதற்கான அளவு. ஆகவே ஸ்டாட் என்றால் ஆற்றல்.

திறன் என்று சொல்லலாமே என்பார்கள். சொல்லலாம்தான், ஆனால் 2002 முதல் இந்த விளையாட்டில் ‘அபிலிட்டி’ என்று வேறொரு சமாச்சாரம் இருக்கிறது. திறனை அதற்கு விட்டு வைக்கவேண்டும். தமிழ்நாட்டில் ஆற்றல் என்றால் பௌதிகத்தில் எனர்ஜி ஆயிற்றே என்ற கேள்வியும் வரும். நாம் பள்ளிக்கூடத்தில் அதைச் சக்தி என்று படித்தவர்கள். பவர் நமக்கு வலு, ஃபோர்ஸ் விசை. எங்கள் வகுப்பறையில் ஆற்றல் சும்மாதான் இருக்கிறது. ஒவ்வொரு தாக்குதலுக்கும் தனியாக இருக்கும் பவருக்கு வலு என்ற சொல்லும் தயாராக நிற்கிறது. ‘120 வலுவுள்ள தாக்குதல்’ என்று சொன்னால் சாதாரண தரம் படிக்கும் பிள்ளைக்கும் உடனே பிடிபடும்.

அடுத்தது மதிப்பு. வேல்யூ என்று கண்ட இடமெல்லாம் மதிப்பு என்று போட்டுவிடுகிறார்கள். எங்கள் கணக்குப் புத்தகத்தில் ‘x இன் பெறுமானத்தைக் காண்க’ என்றுதான் இருக்கும். இடப்பெறுமானம் என்று சின்ன வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. காசு சம்பந்தப்பட்டால் பெறுமதி, அதனால்தான் வாட் வரி இங்கே பெறுமதி சேர் வரி. ஆளுக்குக் கொடுப்பது மதிப்பு. எண்ணுக்கு, காசுக்கு, ஆளுக்கு என்று மூன்று சொல் கையில் இருக்கும்போது மூன்றையும் ஒன்றில் கொட்டுவது எளிமை இல்லை, சோம்பல். பெறுமானத்தில் உள்ள ‘மானம்’ வடமொழி என்று தூய தமிழ்க்காரர் சண்டைக்கு வரலாம். வரட்டும். தூய்மைக்காகத் தெளிவைக் கைவிட நான் தயாரில்லை. போக்கிமான் என்பதையே ‘பாக்கெட் மொன்ஸ்டர்’ என்று பிரித்து ‘சட்டைப்பை அரக்கன்’ ஆக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பெயர், பேசாமல் விட்டுவிடலாம்.

சரி, எதை எதன் பெறுமானம் என்பது? இங்கே ஆங்கிலத்தை மூடிவைத்துவிட்டு, விளையாட்டு பிறந்த ஜப்பானைப் பார்ப்பது நல்லது. அங்கே விளையாடுபவர்கள் மூன்று சொல் வைத்திருக்கிறார்கள். ஷுசொகுச்சி என்றால் இனத்துக்குரிய பெறுமானம். கொதைச்சி என்றால் தனி உயிருக்குரிய பெறுமானம். தொர்யொகுச்சி என்றால் உழைப்பால் வந்த பெறுமானம். மூன்றுக்கும் கடைசி எழுத்து ஒன்றே, முன்னால் வருவது மட்டும் மாறும். சொல்லைக் கேட்டதும் இனத்தால் வந்ததா, பிறப்பால் வந்ததா, உழைத்து வந்ததா என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் முதலாவதை ‘பேஸ் ஸ்டாட்’ ஆக்கி, மற்ற இரண்டையும் ஐவி, ஈவி என்று சுருக்கியதில் இந்த ஒழுங்கு கலைந்துபோனது. போதாக்குறைக்கு, ஈவியை விளையாட்டுக்குள்ளேயே ஆங்கிலத்தில் ‘பேஸ் பாயின்ட்ஸ்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் பார்த்தார், ஒன்றை ‘அடிப்படைப் புள்ளிவிவரம்’ என்றும் மற்றதை ‘அடிப்படைப் புள்ளி’ என்றும் எழுதினார். இனத்துக்கே நிரந்தரமாக வந்ததும், ஆட்டக்காரர் நேற்று ஊட்டி வளர்த்ததும் ஒரே ‘அடிப்படை’ ஆகிவிட்டன. வாசிப்பவன் என்ன செய்வான்?

என் முன்மொழிவு: இனப் பெறுமானம், பிறவிப் பெறுமானம், பயிற்சிப் பெறுமானம்.

இனப் பெறுமானத்தில் சண்டை இல்லை. பிளிசி என்ற போக்கிமான் எந்த ஊரில் பிடித்தாலும் உயிருக்கு 255, காப்புக்கு வெறும் 10. அது அந்த இனத்தின் தலையெழுத்து.

பிறவிக்குச் சின்ன எதிர்ப்பு உண்டு. ஐவி என்பது ஆறு ஆற்றலுக்கும் தனித்தனியாக 0 முதல் 31 வரை விழும் எண். ஜப்பானியச் சொல்லில் ‘தனி’ என்றுதானே இருக்கிறது, பிறவி எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அதோடு 2016 இல் வந்த ‘ஹைப்பர் ட்ரெய்னிங்’ மூலம் குறைந்த ஐவியை 31 ஆக்கலாமே, பிறகென்ன பிறவி என்றும் கேட்கலாம். ஆனால் அந்தப் பயிற்சி செய்வதை உன்னிப்பாகப் பாருங்கள். சண்டைக் கணக்கில் மட்டும் 31 போல நடத்துகிறது, அடியில் இருக்கும் பழைய எண்ணைத் தொடுவதில்லை. முட்டையிட்டால் குஞ்சுக்குப் போவது பழைய எண்தான். பிறவிக் குணம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

பெரிய வழக்கு ஈவியில். ‘முயற்சி மதிப்பு’ கட்சிக்கு வள்ளுவரே சாட்சி: “தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்.” மெய்வருத்தக் கூலி என்பது ஈவிக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள் என்கிறார்கள். குறளைத் தொட்டால் கை தட்டாத தமிழர் யார்? நானும் தட்டினேன். ஆனால் அந்த முயற்சி வேறு, இன்று நம் வாயில் புழங்கும் முயற்சி வேறு. இன்று முயற்சி என்றால் செய்து பார்ப்பது. பலித்தாலும் பலிக்கும், பலிக்காமலும் போகும். ‘முயற்சி பண்ணினேன், சரிவரவில்லை’ என்பதுதான் அந்தச் சொல் அடிக்கடி வரும் இடம். ஈவியோ, சும்மா செய்து பார்த்ததற்கு ஒரு சதமும் தராது. எதிரி விழவேண்டும், அல்லது பிடிபடவேண்டும். ஸுபாட் என்ற வௌவாலை வீழ்த்தினால் வேகத்தில் 1 சேரும். ஜியோடியூட் என்ற பாறையை வீழ்த்தினால் காப்பில் 1. எதோடு மோதிப் பழகுகிறாயோ அது வளர்கிறது. இதற்குத் தமிழில் பெயர் பயிற்சி.

இன்னொன்று. ஈவியைக் குறைப்பதற்கும் விளையாட்டில் பழங்கள் இருக்கின்றன. ஒரு பழம் கொடுத்தால் 10 குறையும். ‘முயற்சியைக் குறைக்கும் பழம்’ என்று எழுதியதை வாசித்துச் சிரித்தேன். செய்து முடித்த முயற்சியை யார் எப்படிக் குறைப்பது? பயிற்சி என்றால் கதை வேறு. கை விட்டுப்போகும், பயிற்சி விட்டுப்போகும் என்று வழக்கமாகவே சொல்கிறோம்.

எதிர்க்கட்சிக்கு ஒரு நல்ல அம்பு இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். கார்போஸ் என்ற பானத்தைக் குடித்தாலே வேகத்தில் 10 ஈவி ஏறுகிறதே, போத்தல் திறப்பது என்ன பயிற்சி? உண்மைதான். முன்பு இப்படி 100 வரைதான் ஏற்றலாம். 2019 இல் வந்த பதிப்பில் அந்தத் தடையையும் எடுத்துவிட்டார்கள். அதனால் 26 போத்தலில் ஓர் ஆற்றல் நிரம்பிவிடும். சண்டையே வேண்டாம். ஆனால் அதில் முயற்சி மட்டும் எங்கே இருக்கிறது? போத்தல் வாதம் இரண்டு சொல்லையும் சம அளவில் அடிக்கிறது. மற்ற வாதங்கள் ஒன்றை மட்டும் அடிக்கின்றன.

சொற்களைக் கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் அவை உழைக்கின்றனவா என்று தெரியும். கார்சோம்பின் வேகத்துக்கு இனப் பெறுமானம் 102. அதை இரட்டித்தால் 204. பிறவிப் பெறுமானம் முழுதாக 31 இருந்தால் 235. பயிற்சி எதுவும் இல்லாமல் 50 ஆம் மட்டத்தில் (லெவல்) இதைப் பாதியாக்கி, பின்னத்தை விட்டு, 5 கூட்டினால் 122. இனிப் பயிற்சி: ஓர் ஆற்றலுக்கு உச்சம் 252, நான்குக்கு ஒன்று என்ற வீதத்தில் அது 63. 235 ஓடு 63 சேர்ந்து 298. பாதியாக்கி 5 கூட்டினால் 154. பயிற்சி கொடுத்தது 32. ஆறு ஆற்றலுக்கும் சேர்த்து மொத்த எல்லை 510 என்பதால் இரண்டை முழுதாக நிரப்பிய பின் கையில் 6தான் மிஞ்சும். எதை வளர்ப்பது, எதை விடுவது என்ற யோசனையெல்லாம் இந்த 510க்குள்தான். இதே பத்தியை முயற்சி மதிப்பு, அடிப்படைப் புள்ளிவிவரம், தனிப்பட்ட மதிப்பு என்று மாற்றி எழுதிப் பாருங்கள், பாதிவழியில் மூச்சு வாங்கும்.

இதற்கு மேலே நேச்சர். அதை ‘இயற்கை’ என்று எழுதியவர் ஆளா இயந்திரமா என்று எனக்கு இன்னும் சந்தேகம். போக்கிமானுக்கு என்ன இயற்கை, சிங்கராஜவனமா? மொத்தம் 25 இருக்கின்றன. ஐந்து நடுநிலை, மற்றவை ஓர் ஆற்றலைப் பத்து வீதம் கூட்டி இன்னொன்றைப் பத்து வீதம் குறைக்கும். பெயர்களைப் பார்த்தாலே போதும்: பிடிவாதம், கலகலப்பு, கூச்சம். இது சுபாவம். வேகத்தைக் கூட்டும் கலகலப்பான சுபாவம் வாய்த்த கார்சோம்ப் 154 இலிருந்து 169க்குப் போகிறது. சுபாவமும் வடமொழி, இயல்பு என்று எழுதலாமே என்றால் தாராளமாக எழுதுங்கள். இயற்கை மட்டும் வேண்டாம்.

இந்தக் கூத்தெல்லாம் அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டுவதால் வருவது. எந்தப் பொருளைச் சொல்கிறோம் என்று பார்ப்பதில்லை, எழுத்தை மட்டும் பார்ப்பது. விளையாடாதவர் விளையாட்டை மொழிபெயர்க்கிறார். விளையாடுபவருக்குத் தமிழில் எழுதக் கூச்சம். வங்கிப் படிவத்திலும் மருந்துப் பெட்டியிலும் இதே கதைதான்.

மிச்சம் இருப்பது, ஆறு ஆற்றலில் ஒன்றான ‘ஸ்பெஷல் அட்டாக்’. ‘சிறப்புத் தாக்குதல்’ என்று எழுதினால் ஏதோ விசேஷமான பேரடி என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது உடல்பலத்தால் அடிக்காமல் நெருப்பு, மின்சாரம், மனோசக்தி போன்றவற்றால் அடிக்கும் வகை. தொடாத் தாக்குதல் என்று போட்டுப் பார்த்தேன். நிலநடுக்கம் தொடாமலே உடல்பல வகையில் நிற்கிறது, ஸ்பெஷல் வகையிலும் தொடுகிற தாக்குதல் சில உண்டு. அதனால் அது சரிவராது. நல்ல சொல் கிடைக்கும்வரை ஸ்பெஷல் என்றே எழுதுவேன்.