“புள்ளி வீணாகிவிடும்” என்று அஞ்சும் பெற்றோருக்கு

பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் எங்கள் பாடசாலை நூலகத்தின் கடைசி மேசையைத் தேடிப் பெற்றோர் வரத் தொடங்கிவிடுவார்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியராக இருக்கும் எனக்கு ஆண்டில் மிகவும் பாரமான நாட்கள் அவை. பெறுபேற்றுத் தாள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், சில வேளை காணி அனுமதிப்பத்திரம்கூட ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். இப்படி ஓர் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் போரின் கடைசி மாதங்களில், 2009இல், மாத்தளனிலிருந்து மெனிக் பாம் அகதி முகாம் வரை போனதாக ஒரு தாய் என்னிடம் சொன்னார். இன்று உயர்தரம் எழுதும் பிள்ளை அப்போது அவருடைய இடுப்பில் இருந்தது.

உறையைத் திறந்து தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “ரீச்சர், இந்தப் புள்ளிக்கு ஆகக் கூடியது எது?”

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு விளங்கும். குப்பி விளக்கில் படித்து, இடம்பெயர்ந்து, இடையில் படிப்பு அறுந்துபோன தலைமுறை அது. தங்களுக்குக் கிடைக்காததில் ஆக உயர்ந்ததைப் பிள்ளைக்குக் கேட்பதில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லி ஒரு பிள்ளையை நான் அனுப்பிவைத்திருக்கிறேன். அதன் பிறகு அப்படிப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அந்தத் தம்பி முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளை. (அடையாளம் தெரியாதிருக்க இந்தக் கட்டுரையில் வரும் பிள்ளைகளின் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கணிதப் பிரிவில் பொறியியலுக்குப் போதுமான இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கிடும் புள்ளி) எடுத்திருந்தார். அவர் விரும்பியது நில அளவை. மீள்குடியேறிய காலத்தில் அவர்களுடைய காணிக்கும் பக்கத்துக் காணிக்கும் எல்லைத் தகராறு வந்திருக்கிறது. பழைய கதியால் வேலி இருந்த இடமே தெரியவில்லை. நில அளவையாளர் வந்து முக்காலியில் கருவியை நிறுத்தி, காட்டுக்குள் புதைந்து கிடந்த எல்லைக் கல்லைத் தோண்டி எடுத்தபோது இரண்டு வீட்டுச் சண்டையும் அன்றோடு முடிந்ததாம். அதைச் சொல்லும்போது அந்தத் தம்பி கல் கிடந்த ஆழத்தை என் மேசையின் விளிம்பிலிருந்து கையால் அளந்து காட்டினார்.

பெலிஹுல்ஓயாவில் இருக்கும் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் நில அளவை விஞ்ஞானப் பட்டப்படிப்பு இருக்கிறது. முந்தைய ஆண்டில் அந்தப் படிப்பின் வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்க வேண்டியிருந்த ஆகக் குறைந்த புள்ளி, பொறியியலைவிடக் குறைவு. “இவ்வளவு புள்ளி எடுத்துவிட்டு அதற்குப் போனால் புள்ளி வீணாகிவிடுமே” என்றார் தகப்பன். மாமன்மாரும் அதையே சொன்னார்கள். ஆகக் கூடியது எது என்ற கேள்விக்குப் பொறியியல்தான் என்று பதில் சொல்லிவிட்டு நானும் பேசாமல் இருந்துவிட்டேன். முதல் தெரிவாகத் தெற்கில் பெயர் பெற்ற ஒரு பொறியியல் பீடத்தைப் போட்டார்கள்; கிடைத்தது. சந்தியில் அவருடைய படத்தோடு பெரிய பதாகை கட்டினார்கள்.

பொறியியல் பீடங்களில் எல்லோரும் முதலில் பொதுவாகவே படிக்கிறார்கள். அதன் பிறகு முதற்கட்டப் பரீட்சைப் பெறுபேற்றையும் விருப்பத்தையும் வைத்துத்தான் சிவில், மின், இயந்திரம், கணினி என்று துறை பிரிப்பார்கள். பெற்றோர் பலருக்கு இது தெரியாது. பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளை, ஆங்கில விரிவுரையும் சிங்களம் பேசும் விடுதியுமாக முதல் மாதங்களில் தள்ளாடும் நேரத்தில்தான் அந்தப் பரீட்சையும் வருகிறது. தம்பி கேட்டது சிவில். அது கொஞ்சமாவது நிலத்தோடு சேர்ந்தது. புள்ளி போதாமல் வேறு துறைக்குப் போட்டார்கள். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் படிப்பை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த மாரிக்கு நான் அவருடைய வீட்டுக்குப் போனபோது, அவர் படம் போட்ட பதாகை மாட்டுக் கொட்டிலின் ஒழுக்குக்கு மேல் விரித்திருந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெட்டுப்புள்ளி என்பது என்ன என்பதை நான் அன்றே அந்தத் தகப்பனுக்கு விளக்கியிருக்க வேண்டும். ஒரு படிப்புக்கு ஒரு மாவட்டத்திலிருந்து கடைசியாகத் தெரிவான பிள்ளையின் இசட் புள்ளிதான் அந்த மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளி. எத்தனை இடம் இருந்தது, எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை அது சொல்லும். அங்கே எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் வரையான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் வரை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் போகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்குமே அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. ஆகவே ஒரே விரிவுரை மண்டபத்தில் அருகருகே இருக்கும் பிள்ளைகளுக்கு 25 மாவட்டத்துக்கும் வெவ்வேறு வெட்டுப்புள்ளி. அந்த எண் படிப்பின் தரத்தைக் காட்டுவதாக இருந்தால், ஒரே மண்டபத்துக்கு எப்படி இருபத்தைந்து தரம் இருக்கும்?

எங்கள் சனம் அதைச் சந்தை விலைபோல வாசிக்கிறது. கையில் காசு கூட இருக்கும்போது விலை குறைந்த பொருளை வாங்கினால் நட்டம் என்ற கணக்கு. படிப்பில் இடம் எடுத்துத் தருவதோடு இசட் புள்ளியின் வேலை முடிந்துவிடும். விருப்பமான படிப்புக்கு வேண்டிய அளவைவிடக் கூட இருந்தால், அந்தப் படிப்பு கிடைப்பது உறுதி என்று பொருள். அவ்வளவுதான்.

விண்ணப்பத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. “முதலில் பெரியதைப் போட்டுப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் அடுத்ததற்குப் போகலாம்” என்று தொடர்பாடல் நிலையத்தில் இருந்தபடியே விருப்ப வரிசையை நிரப்பிவிடுகிறார்கள். தெரிவு அப்படி நடப்பதில்லை. நீங்கள் போட்ட வரிசையில் மேலிருந்து பார்த்து, உங்கள் புள்ளி எட்டும் முதல் படிப்பில் உங்களை நிறுத்திவிடுவார்கள். அதற்குக் கீழே எழுதியவை அதன் பிறகு கணக்கில் இல்லை. சும்மா போட்டுப் பார்த்ததுதான் நான்கு ஆண்டுப் படிப்பாகிவிடும். பதிவு செய்தபின் மாறுவது எளிதல்ல. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் இந்த விதிகள் எல்லாம் இருக்கின்றன. தயவுசெய்து பிள்ளையோடு சேர்ந்து இருந்து வாசியுங்கள்.

இப்போது என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் செய்விப்பது மிகச் சிறிய ஒரு வேலை. பழைய கலண்டர் மட்டையில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி வைத்திருக்கிறேன். பிள்ளைக்குப் பொருந்தக்கூடிய படிப்புகளைக் கைந்நூலிலிருந்து ஒரு தாளில் எழுதுவோம். இடப் பக்கம் பல்கலைக்கழகத்தின் பெயர், வலப் பக்கம் அங்கே என்ன படிப்பிக்கிறார்கள், களப்பயிற்சி உண்டா, எந்த மொழி, எப்போது துறை பிரிக்கிறார்கள் என்ற விவரம். பிறகு மட்டையால் இடப் பக்கத்தை மறைத்துவிடுவேன். வலப் பக்கத்தை மட்டும் வாசித்து வரிசைப்படுத்தச் சொல்வேன். பெற்றோரையும் தனியாக வரிசைப்படுத்தச் சொல்வேன். மட்டையை எடுக்கும்போது சில வீடுகளில் ஒரு நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். பெயரைப் பார்த்ததும் வரிசையை மாற்ற நினைக்கும் பிள்ளையிடம், “இப்போது மாற்றுவது யாருக்காக?” என்று மட்டும் கேட்பேன்.

பக்கத்தில் இருப்பதுதான் எப்போதும் பொருந்தும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். கள்ளப்பாட்டுக் கரையோரத்துக் கடற்றொழில் வீட்டுப் பிள்ளை ஒருத்தி உயிரியல் படித்தாள். மருத்துவத்துக்குப் புள்ளி எட்டவில்லை. மூன்றாம் தடவையும் எழுதட்டும், டொக்டராக வரட்டும் என்று வீட்டில் ஒரே பிடியாக நின்றார்கள். அவள் மட்டை மறைத்த தாளில் முதலாவதாகக் குறித்தது விலங்கு விஞ்ஞானமும் மீன்பிடியும் பற்றிய பட்டப்படிப்பு. மட்டையை எடுத்தபோது பெயர் பேராதனைப் பல்கலைக்கழகம். “கடற்கரையில் பிறந்த பிள்ளை மீன் படிக்க மலைநாட்டுக்குப் போவதா?” என்று தாய் அழுதார். அந்தப் பிள்ளை சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. விடிய வந்த மீன் பத்து மணி வெயிலில் செவுள் நிறம் மாறும். ஐஸ் பெட்டியோடு லொறி வரும்போது விலை பாதியாகிவிடும். அதற்கு என்ன செய்யலாம் என்று படிக்கப் போகிறேன் என்றாள். அவளுக்குத் தொலைவும் குளிரும் ஆங்கிலமும் பெரிய கஷ்டம்தான். முதல் ஆண்டில் இரண்டு தடவை அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தாள். ஆனால் திரும்பி வருகிறேன் என்று ஒருமுறையும் சொல்லவில்லை. அவளுக்குப் பேராதனை பொருந்தியது. அந்தப் பெயர் பெரியதாக இருந்தது அதற்கு மேலதிகம்.

பெயருக்குப் பெறுமதியே இல்லை என்றும் சொல்லமாட்டேன். கொழும்பில் தனியார் நிறுவனத்திலோ வெளிநாட்டிலோ வேலை தேடும்போது தெரிந்த பெயர் கதவைச் சற்று முன்னதாகத் திறக்கும். பழைய மாணவர்களின் உதவியும் கிடைக்கும். ஆனால் விரிவுரையாளராக வரவேண்டுமானால் கேட்பது முதலாம் வகுப்பா, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவா என்பதைத்தான். விரும்பிப் படித்த இடத்தில் நல்ல வகுப்பில் சித்தியடைந்த பிள்ளையும், பெரிய பெயரில் சாதாரணச் சித்தியோடு களைத்து வந்த பிள்ளையும் எனக்குத் தெரியும். பொறியியல் என்றால் அந்தப் பட்டத்துக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் அங்கீகாரம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். பெயரை விட அது முக்கியம். கண்ணாடிக் கட்டடமும் வெளிநாட்டுப் பட்டமும் காட்டி விளம்பரம் செய்யும் தனியார் நிறுவனங்கள் பக்கம் போவதானால், காணியை ஈடு வைப்பதற்கு முன் அந்தப் பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள்.

வன்னிப் பிள்ளைகள் தங்கள் வீட்டு வாசலில் இருப்பதைத் தாழ்வாக நினைப்பதுதான் எனக்கு மிகவும் மனவருத்தம். ஏ-9 வீதியால் கொழும்புக்குப் போகும்போது கிளிநொச்சியைத் தாண்டியதும் வருகிறது அறிவியல் நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014இல் அங்கேதான் தொடங்கியது. விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரில் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, திரும்பி வந்தது; எங்களைப் போலவே. இரணைமடுக் குளத்தின் தண்ணீர் பாயும் வயல்களுக்கு அருகில் இருந்து உலர்வலய விவசாயம் படிக்கலாம். முன்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இருந்த வவுனியா பம்பைமடு வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து இயங்குகிறது. “இங்கே இருப்பதுதானே” என்று இவற்றைக் கடைசியில் எழுதும் பிள்ளையிடம், ஒருநாள் போய்ப் பார்த்தாயா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பார்கள். போய்ப் பாருங்கள். ஆய்வுகூடத்தைப் பாருங்கள், இரண்டாம் ஆண்டில் படிக்கும் ஒருவரோடு பேசுங்கள். முதலாம் ஆண்டில் இருப்பவர் பகிடிவதைக்குப் பயந்து எல்லாம் நல்லது என்றுதான் சொல்வார்.

செலவையும் பிள்ளைக்கு முன்னால் வைத்தே பேசுங்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்கு மாதாமாதம் கிடைக்கும் மகாபொலக் கொடுப்பனவை 2025 வரவு செலவுத் திட்டம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தியது. விடுதி கிடைக்காத ஆண்டில் வெளியே அறை எடுத்தால் வாடகைக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். காலபோக நெல் விற்ற காசில் அனுப்பப்போகிறீர்கள் என்றால் எந்த மாதத்தில் கையில் காசு இருக்காது என்பது பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். மறைத்து அனுப்பினால் பிள்ளை அங்கே பசியை மறைக்கும்.

அறிவியல் நகரிலேயே 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கிறது. வாகனம், மின், உணவுத் தொழில்நுட்பம் என்று தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு படிக்கலாம். தொழிற்தகைமையில் 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா. 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். வழி அங்கே மூடவில்லை. கையால் வேலை செய்வதில் மனம் நிற்கும் பிள்ளையை, பட்டம் என்ற சொல்லுக்காக மூன்று தடவை பரீட்சை எழுத வைத்து வாட்டாதீர்கள்.

முத்தையன்கட்டுத் தம்பி இப்போது அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரோடு வேலை செய்கிறார். வெயிலுக்குள் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளர் வேலை. போன முறை பெறுபேறு வந்தபோது தங்கையைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். தகப்பனும் வந்திருந்தார். நான் தாளை எழுதி முடித்ததும், மேசையில் கிடந்த கலண்டர் மட்டையைத் தகப்பன்தான் எடுத்தார். பெயர்கள் எழுதிய பக்கத்தின் மேல் அதை வைத்து, நழுவாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தார்: “வாசி பிள்ளை.”