இறால் குழம்பும் இழுப்பும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ் வீடுகளில் பிள்ளைக்கு இழுப்பு என்றால் பாட்டிமார் முதலில் நிறுத்துவது தயிரும் வாழைப்பழமும்தான், சளி கட்டுமாம். அந்த உணவுக்கே ஒவ்வாமை இருந்தாலொழிய, அவற்றை நிறுத்தி ஆஸ்துமா குறையாது. ஆனால் இறால் குழம்பை யாரும் சந்தேகிப்பதில்லை.

டர்பன் கடலோர ஊர், காற்றில் எப்போதும் ஈரம். மெத்தையிலும் தலையணையிலும் வாழும் வீட்டுத் தூசிப் பூச்சிக்கு அதுதான் உயிர்நாடி. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்கிறது. காய்ந்த ஜோகன்னஸ்பர்க்கில் அதன் பாடு திண்டாட்டம். இந்தப் பூச்சியின் தசையில் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம் இறால், நண்டு, கரப்பான் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அச்சு. தூசிப் பூச்சியின் ட்ரோபோமயோசினை எதிரியாகக் குறித்துவைத்த உடல், இறாலைக் கண்டாலும் சிலருக்குச் சண்டைக்குக் கிளம்பிவிடும். மாஸ்ட் செல்கள் என்ற காவல் அணுக்கள்மேல் காத்திருக்கும், ஒவ்வாமையைக் கிளப்பும் ஐஜிஇ எதிர்ப்பொருளில் அந்தப் புரதம் சிக்கியதும் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் என்ற வேதிப்பொருள்கள் கொட்டுகின்றன; மூச்சுக்குழாய்த் தசை இறுகுகிறது, உள்சுவர் வீங்குகிறது. கொதிக்கவைத்தாலும் இந்தப் புரதம் அழியாது. சட்டியிலிருந்து எழும் ஆவியோடு பறந்து, ஒரு வாய்கூடச் சாப்பிடாதவருக்கும் இழுப்பு வரவழைக்கும்.

உலர்ந்த ஏப்ரிகாட் செய்வது வேறு வேலை. பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் சல்ஃபைட் என்ற பதனப்பொருள் சேர்த்தது; சேர்க்காதது பழுப்பேறிக் கறுத்திருக்கும். வாயின் ஈரத்தில் அந்தச் சல்ஃபைட்டிலிருந்து கந்தக டை ஆக்சைடு வாயு கிளம்பி மூச்சுக்குழாய் நரம்புகளைச் சீண்டுகிறது. பெரும்பாலும் ஐஜிஇக்கு இதில் பங்கில்லை. தென் டர்பனில் மியர்பேங்க் மக்கள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் புகையில் பல்லாண்டு சுவாசித்ததும் இதே வாயுவைத்தான்! ஆஸ்துமாக்காரர்களில் 100க்கு 3 முதல் 10 பேர்வரை சல்ஃபைட் ஆகாதவர்கள் என்பது பொதுவான மதிப்பீடு. ஒயின், சில சாசேஜ்கள், புட்டியில் வரும் எலுமிச்சைச் சாறு இவற்றிலும் உண்டு. பொட்டலத்தில் சல்ஃபைட்டைக் குறிக்கும் E220 முதல் E228 வரையான எண்களைத் தேடுங்கள்.

சிக்கல் என்னவென்றால், இறாலின் ஓடு கறுக்காமலிருக்கவும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் என்ற சல்ஃபைட்டைத் தடவுகிறார்கள். எனவே இறால் தின்று மூச்சு இரைத்தால் குற்றவாளி புரதமாகவும் இருக்கலாம், சல்ஃபைட்டாகவும் இருக்கலாம். தோலில் குத்திப் பார்க்கும் சோதனை புரதத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சல்ஃபைட் பெரும்பாலும் அதில் அகப்படாது. மருத்துவர் கண்முன்னே சிறிது சிறிதாகக் கொடுத்துத்தான் பார்க்கவேண்டும், வீட்டில் அல்ல.