பாஸ்: விட்டதா, ஒதுங்கியதா, விலகியதா?

சீட்டாட்டத்தில் அதிகச் சச்சரவைக் கிளப்பும் சொல் துருப்பு அல்ல, பாஸ்தான். ஒருவர் "பாஸ்" என்கிறார். சுற்று நகர்ந்து மறுபடி அவரிடம் வருகிறது. சீட்டை இறக்குகிறார். "அதான் பாஸ் சொல்லிட்டியே, இப்ப எப்படி இறக்குவ?" என்று எதிரில் இருப்பவர் எகிறுகிறார். அவரவர் பழகிய விதிப்படி இருவர் சொல்வதும் சரி. ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'பாஸுஸ்' என்றால் நடையில் எடுத்து வைக்கும் அடி. ஆயிரம் அடி என்பதற்கு அவர்கள் சொன்ன 'மில்லே பாஸுஸ்' என்ற தொடரிலிருந்துதான் மைல் வந்தது. அந்த அடியே பிரெஞ்சில் 'பாஸே' என்ற வினையாகி, கடந்து போ என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. சீட்டாட்டத்திலும் அதே பொருள்தான்: வந்த வாய்ப்பு என்னைக் கடந்து அடுத்தவரிடம் போகட்டும். அது திரும்பி வருமா வராதா என்பதை மட்டும் அந்தச் சொல் சொல்வதில்லை. சச்சரவு அங்கேதான் பிறக்கிறது.

தமிழ் எழுத்தில் வேறு ஒரு வேடிக்கை. தேர்வில் பாஸ், பேருந்துக்கு பாஸ், பொழுது போக டைம்பாஸ், அலுவலகத்தில் தலைக்கு மேல் இருக்கும் பாஸ் என எல்லாம் ஒரே எழுத்தில். இத்தனை பேரும் குடியிருக்கும் வீட்டில் சீட்டாட்டக்காரரும் ஒண்டிக்கொண்டிருக்கிறார்.

மாற்றுச் சொல் தேடுமுன், எது கடந்து போகிறது என்று பார்க்க வேண்டும். கடப்பது முறை. 'இப்போது யார் முறை?', 'என் முறை' என்று நாம் இயல்பாகவே சொல்கிறோம். ஆங்கிலத்தின் 'டர்ன்' கடைசல் கருவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சுழற்சி மட்டுமே அதில் இருக்கிறது. நம் முறைக்குள் நியாயமும் உண்டு. 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்ற குறளில் (388) முறை என்பது நீதியையே குறிக்கிறது. அதனால் 'முறை தவறி ஆடினார்' என்றால் வரிசையையும் நெறியையும் சேர்த்தே மீறினார் என்று ஆகிறது. நால்வர் ஆடும் பிரிட்ஜ் சீட்டாட்டத்தின் போட்டிகளில் முறை தவறிச் சொன்ன பாஸுக்குக்கூடத் தனி விதி உண்டு என்பதை நினைத்தால், இந்த இரட்டைப் பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது.

முறை எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு வலஞ்சுழி, இடஞ்சுழி என்ற சொற்கள் இருக்கின்றன. ஒரு சின்னக் குழப்பம் மட்டும்: வட்டமாக உட்கார்ந்து வலஞ்சுழியாக ஆடும்போது முறை உங்கள் இடப்பக்கத்தில் இருப்பவருக்குத்தான் போகும்.

இனி பாஸுக்கு வருவோம். பிரிட்ஜ் ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நால்வரையும் திசைப் பெயரால் குறிப்பார்கள். சீட்டுகளைப் பகிர்ந்து கொடுத்தவர் வடக்கு, அவர் பாஸ். கிழக்கு ஒரு இஸ்பேட் கேட்கிறார். தெற்கு பாஸ், மேற்கு பாஸ். ஏலம் முடியவில்லை. ஒருவர் ஏலம் கேட்ட பின் தொடர்ந்து மூன்று பாஸ் விழுந்தால்தான் முடியும். ஆகவே முறை வடக்குக்கே திரும்புகிறது. முதலில் பாஸ் சொன்ன அதே வடக்கு இப்போது தாராளமாக ஏலம் கேட்கலாம். நால்வருமே எடுத்த எடுப்பில் பாஸ் சொன்னால் மட்டும் அந்த ஆட்டம் ஆடப்படாமலே முடிகிறது. இங்கே பாஸ் என்பது அந்த ஒரு முறையை விடுவதுதான். 'முறை விடுதல்' என்பதே இதற்குச் சரியான சொல். வாயால் சொல்லும்போது "விட்டேன்" போதும்.

பிக் டூ போல ஒருவர் போட்டதைவிடப் பெரிய சீட்டைப் போட்டு ஏறிக்கொண்டே போகும் ஆட்டங்களில் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. ஒன்றில், விட்டவர் முறை திரும்பி வந்தால் மறுபடி இறக்கலாம். மற்றொன்றில், ஒரு தடவை விட்டால் அந்தச் சுற்று முடியும்வரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இந்த இரண்டாவது வகையை விடுதல் என்று சொல்வது தவறு, அது 'ஒதுங்குதல்'. 2015-இல் வெளிவந்த விட்சர் 3 கணினி விளையாட்டுக்குள் இருக்கும் க்வெண்ட் சீட்டாட்டம் இதற்குத் துல்லியமான எடுத்துக்காட்டு. மூன்றில் இரண்டு சுற்றை வெல்ல வேண்டிய ஆட்டம் அது. பாஸ் சொன்னவரின் கதவு அந்தச் சுற்றுக்கு மூடிவிடும். எதிராளியோ இறக்கிக்கொண்டே போகலாம். கையிருப்பைக் காக்க ஒரு சுற்றைத் தோற்றுக் கொடுத்து ஒதுங்குவதே அங்கே பெரிய தந்திரம்.

மூன்றாவது வகை போக்கரில் சீட்டைக் கவிழ்த்து வைப்பதும் ரம்மியில் டிராப் சொல்வதும். அந்த ஆட்டத்தையே கைவிடுவதால் இது 'விலகல்'. போக்கரில் யாரும் பந்தயம் கட்டாதபோது 'செக்' சொல்வது வேறு. பணம் வைக்காமல் முறையை நகர்த்துவதால் அது விடுதலில் சேரும்.

சிலர் பாஸுக்குக் 'கடத்தல்' என்று எழுதுகிறார்கள். கால்பந்து வருணனையில் பந்தைக் கடத்தினால் பொருந்தும். சீட்டாட்டத்தில் 'முறையைக் கடத்தினான்' என்றால் காவல்துறையைக் கூப்பிடத் தோன்றுகிறது. ஹார்ட்ஸ் ஆட்டத்தில் ஆட்டம் தொடங்குமுன் மூன்று சீட்டுகளை அடுத்தவருக்குக் கொடுப்பதையும் பாஸ் என்பார்கள். அதற்குக் 'கைமாற்றுதல்' இருக்கிறது. 'கைமாற்று' என்று சுருக்கிவிடாதீர்கள், கடனாகிவிடும்.

கொஞ்சம் சிக்கலான இடம் 1993-இல் வந்த மேஜிக் த கேதரிங் என்ற மந்திரச் சீட்டாட்டம். அங்கே பாஸ் செய்வது முறையையே அல்ல. 'பிரையாரிட்டி' என்ற ஒன்றை. இதை முன்னுரிமை என்று பெயர்த்தால் யாருக்கோ சலுகை கொடுப்பதுபோல் இருக்கிறது. 'இந்தக் கணத்தில் செயல்பட யாருக்கு அனுமதி' என்பதே பொருள். 'செயலுரிமை' என்பேன். முறைக்காரர் ஒரு மந்திரச் சீட்டைப் போட்டதும் அது உடனே பலிக்காது, காத்திருக்கும் மந்திரங்களின் அடுக்கின் மேல் ஏறி நிற்கும். இருவரும் அடுத்தடுத்துச் செயலுரிமையை விட்டால்தான் அது பலிக்கும். எதிராளி விடாமல் பதிலுக்கு ஒன்றைப் போட்டால் அது மேலே ஏறும். இருவரும் மறுபடி முதலிலிருந்து விட வேண்டும். கடைசியில் ஏறியதே முதலில் பலிக்கும். அடுக்கு காலியாக இருக்கையில் இருவரும் விட்டால் முறைக்குள் நடக்கும் அந்தக் கட்டமே முடிந்துபோகும். 'அவன் என்ன செய்கிறான் பார்த்துவிட்டு இதே கட்டத்தில் செய்யலாம்' என்று விடும் புதியவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எதிராளியும் புன்னகையோடு விட்டுவிடுவார். கையில் வைத்திருந்த மந்திரம் கையிலேயே இருக்கும்.